வெள்ளைப் பின்னணி

அமைப்புக்குப் 'பதினெட்டாம்படி' என்று
பேர் வைத்தவன் ஜெபமணிராஜ்.
பதினெட்டு வயது, முதல் படி என்றெல்லாம்
பாளையங்கோட்டையில் பேசும்போது நன்றாகத்தான் இருந்தது.
முக்கூடலில் இறங்கியதும்
டீக்கடை அண்ணாச்சி பனியனில் பேரைப் படித்தார்,
என் கழுத்தைப் பார்த்தார்.
"மாலை போடலியா தம்பி?"
கார்த்திகை மாதம்.
அன்னதானத்துக்கு என்று ஐம்பது ரூபாய் நீட்டினார்.
படிவம் ஆறை எடுத்துக் காட்டினேன்.
ரூபாயை மடித்து
டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.

பீடிக்கடை வாசலில் மேசைக்கு இடம் கிடைத்தது.
கட்டுகளைக் கொடுத்துவிட்டு
வரிசையில் நிற்கிற பெண்கள்.
உள்ளே கணக்கப்பிள்ளை
கழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்:
நுனி மடங்கல் சரியில்லை, தூள் குறைவு,
இதெல்லாம் ஒரு சுத்தா?
கழிபட்ட முகத்தோடு வெளியே வருகிறவளிடம்
பிறந்த தேதிக்குச் சான்று எப்படிக் கேட்பது என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

முதலில் வந்தவள் அழகுவடிவு.
கொண்டுவந்த போட்டோ
ஏதோ கல்யாணப் படத்தில் வெட்டியது.
அவள் தோளில்
வளையலோடு ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.
"இது யாரு?"
"எங்க மதினி. அவுகளுக்கு ஓட்டு தனியா இருக்கு."
"பின்னாடி வெள்ளையா இருக்கணும்மா, ஆள் நிக்கக்கூடாது."

தெரு முழுக்க வெள்ளை தேடினோம்.
ரோஸ் சுவர், பச்சைச் சுவர்,
தேர்தலுக்கு இன்னும் நாள் கிடக்கையிலேயே
ஒரு கட்சி பேரெழுதிப் பிடித்து வைத்த சுவர்.
சையது மசூதுதான் கண்டுபிடித்தான்:
மாநாடு முடிந்தும் அவிழ்க்காத பிளக்ஸ்.
திருப்பினால் முதுகு அப்படி ஒரு வெள்ளை.
இரண்டு கம்பு நட்டுக் கட்டினோம்.
தலைவர் ஆற்றைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.
இந்தப் பக்கம் ஒவ்வொருத்தியாக வந்து
விரலில் ஒட்டிய தூளைத் துப்பட்டாவில் துடைத்து
நாடியைத் தூக்கினாள்.

மூன்றரைக்கு மேல் வேறு சிக்கல்.
வெயில் சாய்ந்து பின்னாலிருந்து அடித்ததில்
தலைவருடைய பல் தெரிய ஆரம்பித்தது.
பேச்சிக்கனிக்குக் காதோரம் மீசை முளைத்தது.
அழித்து மறுபடி எடுத்தோம்.
சிரித்துவிட்டாள், அதுவும் வீண்.

படிவம் முடிந்தும் அழகுவடிவு போகவில்லை.
யாருக்குப் போட என்று கேட்டால்
சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.
துட்டு வாங்கலாமா என்றால் அதற்கும் ஒன்று.
அவள் கேட்டது:
"அந்த அட்டை மறைப்புக்குள்ள
எவ்வளவு நேரம் நிக்கலாம்?"

வளவுக்குள் ஒற்றை அறை, ஒன்பது பேர்.
குளிக்க ஆறு.
போன் அண்ணனுடையது.
சுளகை மடியில் வைத்தால்
எதிரே எப்போதும் நான்கு பேர்.
இதெல்லாம் அவள் சொல்லவில்லை,
படிவத்தில் முகவரி எழுதும்போது
நானாக விசாரித்தது.

"பட்டனை அமுக்குனதும் சீட்டு ஏழு நொடி தெரியும்.
விழுந்ததும் வந்துரணும்."
"ஏழு நொடி."
விரலை வளைத்துக் காற்றில் நூல் சுற்றினாள்.
"ஒரு பீடிக்கு நூல் கெட்டுத நேரம்."
குறைவு என்றாளா, போதும் என்றாளா,
அதற்குள் மழை.

பிளக்ஸை அவிழ்த்து
இலைக்கட்டுகள் மேல் போர்த்தினார்கள்,
தலைவர் குப்புற.
நாற்பத்தொரு படிவம் என் பனியனுக்குள்.

ஜனவரியில் பட்டியல் வந்தது.
அழகுவடிவு, ஆண், வயது எண்பத்தொன்று.
போட்டோ மட்டும் சரி.
நாடி தூக்கி, பின்னால் வெள்ளை,
உற்றுப் பார்த்தேன், பல் இல்லை.

படிவம் எட்டோடு
முக்கூடல் வழி போகும் கடையம் பஸ்ஸில் இருக்கிறேன்.
மாலை போட்டவர்கள் மலையேறி இறங்கியாயிற்று.
அண்ணாச்சி இன்னும் ஏதாவது கேட்பார்.
நான் அவளிடம் கேட்க வேண்டும்:
குறைவா, போதுமா.