பத்தாவது எலும்புக்குக் கீழே

சாணக் கூடை எடுக்க
நர்மந்தாக் கூடாரக் கதவைத் திறந்தாள்.
அவளைத் தாண்டி உள்ளே வந்த குளிர்
போர்வை விலகிய என் குதிகாலைத் தொட்டது.
எனக்குத் தெரியாது. காலுக்குத் தெரிந்தது.
முழங்கால் மடங்கி வயிறுவரை ஏறியது, பிறகு
ஒரே உதை.
கட்டிலோரக் கிண்ணம் உருண்டோடி
அவள் பூட்ஸில் மோதி நின்றது.
"சவாரி முடிந்ததா?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மூன்று பனிக்காலம் முன்பு,
மர்மோட் தோண்டிய குழியில் முன்னங்கால் இடறி
விழுந்த குதிரை எழுந்து, உதறிக்கொண்டு, புல் மேயப் போனது.
நான் எழவில்லை.

உலான்பாத்தர் மருத்துவர் ரப்பர் சுத்தியலால்
முட்டிக்குக் கீழே தட்டினார். மெல்லத்தான்.
கால் அவர் மூக்குக்கண்ணாடிக்குக் குறிவைத்தது.
பாதத்தை மேல்நோக்கி வெடுக்கென அழுத்தினார்:
கணுக்கால் துடித்தது, துடித்தது,
ஈ உட்கார்ந்த குதிரைத் தோல்போல.
"உத்தரவு கீழேயே பிறக்கிறது," என்றார்,
"மேலிருந்து போகவேண்டிய 'போதும்' மட்டும்
முதுகில் பத்தாவது எலும்போடு நின்றுவிடுகிறது."

முப்பது வருடம் போதும் போதும் என்று சொன்னவன் நான்,
குதிரைக்கு, வோட்காவுக்கு, தம்பி தாஷ்ன்யாமுக்கு.
யாரும் கேட்டதில்லை என்பது வேறு கதை.

மாத்திரை. ஒன்று, இரண்டு, அப்புறம் நாலு.
கால்கள் அடங்கின,
நனைந்த கம்பளியாய்த் தொங்கின.
முன்பெல்லாம் தொடையில் ஓர் அறை விட்டால்
விறைத்துக்கொள்ளும்;
அந்த விறைப்பை ஊன்றுகோலாக்கி
நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாவுவேன்.
இப்போது அவள் முதுகு ஊன்றுகோல்,
அவளுக்கோ ஏற்கெனவே இடுப்புவலி.
போனில் மருத்துவர் முனகினார், கடைசியில் சரி என்றார்.
வாரத்துக்கு அரை அரையாக
இரண்டுக்கு இறங்கினேன்.

நவம்பரில் ஒருநாள் காலையிலிருந்தே அவை ஓயவில்லை.
நாற்காலியைக் குலுக்கின. வார் போட்டுக் கட்டினேன்.
கெட்ட வார்த்தை சொன்னேன், இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக.
இரவு பூட்ஸைக் கழற்றியவள்
தலைகீழாகக் கவிழ்த்தாள்:
மகன் விளையாடித் தொலைத்த
ஆட்டுக் கணுவெலும்பு ஒன்று தரையில் விழுந்தது.
உள்ளங்காலில் கருஞ்சிவப்பாய் அதன் அச்சு,
விளிம்பில் தோல் கிழியத் தொடங்கியிருந்தது.

பகல் முழுக்க, வாயில்லாமல்,
தெரிந்த ஒரே மொழியில்.
நானோ வார் போட்டுக் கட்டியிருந்தேன்.

மருந்து தடவ அவள் தொட்டதும் மறுபடி உதறல்.
உதைத்துக்கொள், என்றேன்.
கிண்ணத்தை மட்டும்
எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தேன்.