எட்டுத் திருகாணி

பழைய லேப்டாப்பின் அடிப்பலகையை
ராயபுரம் ரிப்பேர் கடையில் கழற்றியபோது
காற்றாடி கண்ணுக்குத் தெரியவில்லை.
அடையடையாய்ப் பஞ்சு.
மேலே நீலம், போன மாத ஆர்டர்.
அதற்கு அடியில் கடுகு மஞ்சள்,
குழந்தைச் சட்டைகளுக்கு அடித்தது.
இன்னும் அடியில் வெறும் சாம்பல்,
வேலையே வராத ஓர் ஆடி.
நாலு வருஷமாய் நான் நாட்குறிப்பு எழுதவில்லை.
கட்டிங் செக்‌ஷனுக்கு மேல்மாடியில் உட்கார்ந்து
அது எழுதியிருக்கிறது.

"மூச்சு முட்டிச் செத்துருச்சுங்க" என்றார்
ரிப்பேர்க்காரர். வைத்தியர் குரல்.

பகலில் பனியன் துணிக்குப் பூ வரைகிறேன்.
ராத்திரியில் அந்தப் பூ
தையல் ஓரத்தில் தலை வெட்டுப்படாமல்
அடுத்த பூவோடு சேர நிரல் எழுதுகிறேன்.
இரண்டுக்கும் ஒரே சம்பளம்,
ஒரே லேப்டாப், ஒரே கழுத்துவலி.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த
எழுபத்தோராயிரத்தோடு
திருப்பூரிலிருந்து காந்திபுரம் பஸ்.
கைப்பையில் உள்ளங்கை அகலத் துணி ஒன்று.
மாதுளைச் சிவப்பு.
என் திரையில் மாதுளையாய்த்தான் இருந்தது;
துணியில் இறங்கியபோது செங்கல்.
எண்ணூறு மீட்டர் செங்கல்.
பையர் ஒரே வரியில் பதில் போட்டார்,
அந்த வரியில் வணக்கம் இல்லை.

நூறடி ரோட்டுக் கடை.
எல்லாத் திரையிலும் மயில் ஆடிற்று.
"கேமிங்குங்களா, ஆபீஸ் வேலைங்களா?"
என்றார் அபுதாகிர்.
இரண்டிலும் நான் இல்லை.
"மயிலை நிறுத்துங்க,
வெறுஞ்சிவப்பு ஒண்ணு போடோணும்" என்றேன்.
ஆறு குறிகள் தட்டினேன்,
துணியைத் திரையோரம் பிடித்தேன்.

முதலாவதில் நேரே பார்த்தால் மாதுளை,
தலையைச் சாய்த்தால் ரோஜா,
எழுந்து நின்றால் காவி.
ஒரே ஆளிடம் மூன்று வாக்குமூலம்.

இரண்டாவது சொன்னபடியே காட்டியது,
துணிக்கும் திரைக்கும் எல்லை தெரியவில்லை.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.
பிறகு கவிழ்த்துப் பார்த்தேன்.
வழுவழுவென்று ஒரு திருகாணிகூட இல்லாத முதுகு.
"ரேம் பின்னால கூட்டிக்கலாங்களா?"
"ஒட்டி வெச்சிருக்குங்க, முடியாது."
"பஞ்சு அடைச்சா?"
"பஞ்சு ஏனுங்க அடைக்குது?"
கோயமுத்தூர்க்காரருக்கு எப்படிச் சொல்ல.
விலையும் ஒன்றரைச் சீட்டு.

மூன்றாவது கறுப்பு, கொஞ்சம் தடிமன்.
கீபோர்டு விரலுக்கு இதமாய் இறங்கியது.
சிவப்போ ஒரு சிட்டிகை மஞ்சள் தூக்கல்.
சாய்ந்து பார்த்தேன், அதே சிட்டிகை.
குனிந்து பார்த்தேன், அதே.
டியூப்லைட்மேல் சந்தேகம் வந்து
"வெளிய வெயில்ல பாக்கலாங்களா" என்றேன்.
அபுதாகிர் சார்ஜரைப் பிடுங்கி
லேப்டாப்பைத் தாம்பாளம்போல ஏந்தி வந்தார்.
நூறடி ரோட்டு நடுப்பகலில்
திரையில் மாதுளையும் இல்லை, மஞ்சளும் இல்லை.
வியர்த்த என் முகம்,
பின்னால் ஒரு மினி பஸ்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அங்கே நின்றபடிதான் புரிந்தது:
பொய் சொல்லட்டும்.
தினமும் ஒரே பொய்யாய்ச் சொன்னால் போதும்,
எவ்வளவு என்று அளந்து
நிரலில் கழித்துவிடுவேன்.
ஆளுக்குத் தகுந்தாற்போல் மாறுகிற பொய்யை
எந்த நிரலில் கழிப்பது?
பஞ்சுக்கோ நிரலே கிடையாது,
திருகாணிதான்.

எண்ணிப் பார்த்தேன். எட்டு.
அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு,
மிச்சத்துக்கு ரேம் ஒன்று.
மயில் படம் போட்ட பை இலவசம்.

பஸ் அவிநாசி தாண்டும்போது
தம்பி செந்தூரன் போன் பண்ணினான்.
"என்ன கம்பெனிக்கா?"
மடியில் பெட்டி கனமாய் இருந்தது.
பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.
"எட்டுத் திருகாணிடா" என்றேன்.