நடுநரம்பு

வூப்பர்ட்டாலில், ஃபோவிங்கல் பக்கம்,
என் சமையலறை ஜன்னலுக்கு நேரே
தொங்கு ரயில் போகும்.
ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை
நாற்பது பேர் என் குழம்புச் சட்டியைப் பார்ப்பார்கள்.

யாழ்நங்கை பிரிந்தபோது
புத்தகங்களை எண்ணினோம், தட்டுகளை எண்ணினோம்.
ஜன்னலிலிருந்த செடி அவளுடையது. அதில் பேச்சில்லை.
அக்டோபரில் அவள் தம்பி வந்து
காய்கறிப் பையில் வைத்து எடுத்துப் போனான்.
முந்தின இரவே
ஒரே ஓர் இலையை நான் திருடியிருந்தேன்.

பூக்கடை ஹெல்விக் அம்மாள் சொன்னபடி
சவர பிளேடால் நடுநரம்பை உரித்தெடுத்தேன்,
மத்தி மீனில் முள்ளெடுப்பதுபோல.
இரண்டு பாதிகள்.
வெட்டுவாய் கீழே இருக்க
ஐஸ்கிரீம் டப்பாவில், ஈரமண்ணில்
எதிரெதிரே நட்டுப் பாலிதீன் உறையால் மூடினேன்.
சற்று நேரத்தில் உள்ளே வியர்த்தது.

ஜெர்மன்காரர்கள் இதைத் திருகுகாய் என்கிறார்கள்.
பூ உதிர்ந்தபின் காய் முறுக்கிக்கொள்ளுமாம்.
பிள்ளைக்கு வயிறு உப்பினால் உரைத்துக் கொடுப்போமே,
வலம்புரிக்காய்,
அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் போலிருக்கிறது.
தாவரவியல் படித்தவர்கள் மன்னிக்க.

நவம்பர் முழுக்க எதுவும் நடக்கவில்லை.
உறையைத் தூக்கி
அழுகலா உயிரா என்று மோந்து பார்ப்பேன்.
டிசம்பரில், இருட்டில் வேலைக்குப் போய்
இருட்டில் திரும்பிய ஒரு நாள்,
ரயில் வெளிச்சம் டப்பாமேல் ஓடியபோது
வெட்டின நீளம் முழுக்கக்
கடுகளவு பச்சை. வரிசையாக.
எண்ணுவதற்குள் ரயில் போய்விட்டது.
விளக்கைப் போட்டேன்: பதினேழு.

விதையில்லை, கலப்பில்லை.
அவள் செடியேதான்,
இன்னொரு முறை.
வக்கீலிடம் இதை எப்படிச் சொல்வது?

நட்ட இலை பழுத்து, கூழாகி, மண்ணோடு போயிற்று.

ஐந்து தப்பின.
மேல்மாடி துருக்கிக்காரருக்கு ஒன்று.
கொதிகலன் பழுது பார்க்க வந்தவனுக்கு ஒன்று,
அவன் கேட்கவேயில்லை.
இரண்டை ஹெல்விக் அம்மாள்
என்னிடம் சும்மா வாங்கி
மூன்று யூரோவுக்கு விற்றுவிட்டாள்.

மிச்சமிருந்தது ஜூனில் பூத்தது.
நீலம். தொண்டைக்குள் மட்டும்
மைப்பேனா இழுத்த மாதிரி கோடுகள்.
ஏழே முக்கால் வண்டி கடந்ததும்
கைப்பேசி அதிர்ந்தது.
எட்டு மாதத்தில் முதல் செய்தி:

"தண்ணி அதிகமா ஊத்துற.
அடியில ஒரு இலை மஞ்சளா இருக்கு."

கையிலிருந்த குவளையைக்
கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.