குதிகால் இருந்த ஓடு

பாசலில், ரைன் நதி வளைகிற இடத்துக்கு மேலே
பழம்பொருள்கள் உறங்கும் வீடு.
இரவு பத்துக்கு என் வாளியின் சில்லுகள்
எதையும் எழுப்பிவிடக் கூடாதென்று
எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

நாலாம் அறை. கறுப்புச் சாடி.
கவசத்தோடு குந்தியிருந்து ஒருவன் தாயம் உருட்டுகிறான்.
ஈட்டி தோளில் சாய்ந்திருக்கிறது,
வேலைக்குப் போகுமுன் ஒரு ஆட்டம் என்பதுபோல.
கண் மட்டும் ஆட்டத்தில் இல்லை.
கணுக்காலுக்குக் கீழே சாடி உடைந்துபோய்
வெறும் களிமண்ணால் நிரவியிருக்கிறார்கள்.
குதிகால் கிடைக்கவில்லையாம்.

ஓடு ஒட்டுகிற ஊர்சினா ஒருநாள்
நேரம் பிந்தி நின்று கதை சொன்னாள்.
என் ஜெர்மன் பாதி, அவள் கை பாதி.
இவனுக்கு இரண்டு விதி.
போருக்குப் போனால் சின்ன ஆயுள், பெரிய பெயர்.
வீட்டுக்குப் போனால் நரைக்கும் மட்டும் சோறு,
பிறகு பெயரைக் கேட்க ஆளிராது.
தாய் இவனைக் காலில் பிடித்துத் தலைகீழாய்
ஆற்றில் தோய்த்தாள். பிடித்த இடம் நனையவில்லை.
அம்பு அங்கேதான் வந்தது.

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன்.
எங்கள் பக்கத்தில் முதுகில் பட்டால் புறப்புண்,
மார்பில் பட்டால் கல் நடுவார்கள்.
குதிகாலில் பட்டதை எதில் சேர்ப்பது?
ஓடும்போதும் படும்,
பாயும்போதும் படும்.
இதை அவளிடம் கேட்கும் அளவுக்கு
என் ஜெர்மன் வளரவில்லை.

எனக்கும் இரண்டு பெயர்.
இயக்கம் தந்தது ஒன்று. அது
ஒரு சுவரில் எழுதப்பட இருந்தது.
மற்றது நிமலரூபன்,
சம்பளத் துண்டில் இரண்டெழுத்துப் பிழையோடு வருவது.
மழை பெய்த இரவொன்றில், காவல் மாறும் இடைவெளியில்
அம்மா வேலியோரம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
ஒன்றும் பேசவில்லை. விடவுமில்லை.

என் முறையை வழுதி எடுத்துக்கொண்டான்.
என் சப்பாத்தையும்.
ஒரு அளவு பெரிதென்று முன்னால் துணி அடைத்தபடி
"நாளைக்கு வந்திடுவாய்தானே" என்றான்.
நாளைக்கு அவனே இல்லை.

சாடிக்காரனுக்கும் ஒரு கூட்டாளி.
இவன் கூடாரத்தில் கோபத்தோடு கிடக்க
இவன் கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்ச் செத்தவன்.
சேதி கேட்டு மண்ணை அள்ளித் தலையில் கொட்டி
விதியைத் தானே கூப்பிட்டு
இவன் எழுந்து போனான்
என்று ஊர்சினா சொல்லிக்கொண்டிருந்தபோது
நான் வாளித் தண்ணீர் மாற்றப் போய்விட்டேன்.

எனக்குச் சேதி வந்தது
அகதி முகாமின் தொலைபேசிக் கூண்டில்.
சில்லறை தீரும் மட்டும் கேட்டேன்.
பிறகு வரிசையில் நின்று சாப்பிட்டேன்.
அன்றைக்கு உருளைக்கிழங்கு.
இரண்டாம் முறையும் வாங்கினேன்.

செத்த பிறகு இவன் சொன்னதாயும் ஒரு கதையுண்டு:
நிழல்களுக்கு ராசாவாய் இருப்பதைவிட
நிலமில்லாத ஒருவனிடம் கூலிக்கு நிற்கலாமாம்.
நிற்கலாம். நான் நிற்கிறேன்.
மணிக்கு இருபத்துமூன்று பிராங்.
முழங்கால் இரண்டும் போய்விட்டன, ராசா,
அதையும் சேர்த்துத்தான் ஆசைப்பட்டாயா?
என் பழைய பெயரை எங்கேயோ கேட்டுவந்து
"அது ஆரப்பா" என்று மகள் கேட்டபோது
தெரியாது என்ற இந்த வாயையும் சேர்த்தா?

தாயக்கட்டையை அந்த ஓவியன்
அந்தரத்திலேயே கீறி விட்டிருக்கிறான்.
என்ன விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.
சில இரவுகளில் நான் கொஞ்சம் காத்திருப்பேன்.
பிறகு கண்ணாடியைத் துடைத்து
விளக்கை அணைத்துவிடுவேன்.

கீழே சலவைத் தொட்டியில் கை கழுவும்போது
மணிக்கட்டில் ஒரு வளையம் நனைவதேயில்லை.
சவர்க்காரம் போட்டும் பார்த்துவிட்டேன்.
ஐந்து பத்துக்கு முதல் டிராம்.
ஓடினால் பிடிக்கலாம்.