மூன்றாவது சாட்சி

கிருஷ்ணகிரி பதிவாளர் அலுவலகப் பலகையில்
முப்பது நாளாக வெளுத்துக்கொண்டிருக்கின்றன
எங்கள் பெயர்களும், எங்கள் அப்பாக்களின் பெயர்களும்.
சாட்சி மூவர் வேண்டும்.
இருவர் வந்துவிட்டார்கள்.
மூன்றாமவனின் போன்
காலையிலிருந்து அணைந்து கிடக்கிறது.

வாசலில் மாம்பழ லாரிகள்
கூழ் ஆலைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.
ஏதாவது பேசு என்றேன், வயிறு கலங்குகிறது.
திம்மராஜ் தன் அஞ்செட்டிக் கதையை எடுத்தான்.

கோட்டைத் தலைவன் மகள்மீது
ஆசைப்பட்டான் ஒரு பறைக்காரன்.
"நீ அடிக்கும்வரை அவளுக்கு உயிர்" என்றார்கள்.
ஏழு இரவு அடித்தான்.
எட்டாம் இரவு தோல் கிழிந்தது.
தன் மார்பில் அடித்தான்.
மதில்மேல் நின்றவளுக்கு
ஒலி மாறியது மட்டும்தான் கேட்டது.
குதித்துவிட்டாள்.
அவள் விழுந்தது தெரியாமல்
விடியும்வரை அடித்துக்கொண்டிருந்தான் அவன்.

இதற்குமேல் ஒரு காதல் உண்டா என்றான்,
தானே அடித்தவன்போல.

உண்டு. எங்கள் காவேரிப்பட்டணத்தில்.
எண்ணெய் வணிகர் வீட்டுப் பெண்,
குதிரைக்குப் புல் அறுக்கிறவன்.
மைசூர்ப் படை அவனைப் பிடித்துப்போனது.
செத்தான் என்று சேதி கொண்டுவந்தவர்கள்
அவளுடைய அண்ணன்மார்.
தாலி கட்டாதவனுக்காக வெள்ளை உடுத்தினாள்.
பன்னிரண்டு வருடம்
அதே கிணறு, அதே ஏச்சு.
ஒரு மத்தியானம் அவன் வந்தான், தாடியோடு.
"யாரந்த வெள்ளைச் சேலை?"
"புருஷனைப் பறிகொடுத்தவள்" என்றார்கள்.
எந்தப் புருஷன் என்று அவன் கேட்கவில்லை.
குடிக்கத் தண்ணீர் கேட்டான்.
அவள்தான் ஊற்றினாள்,
குனிந்த கைகளை மட்டும் பார்த்து.
வந்த வழியே போய்விட்டான்.

"முட்டாள்" என்றான் திம்மராஜ்.
"ஒரு வார்த்தை கேட்டால் என்ன?"
உன் ஆள் மட்டும்? ஒரு தடவை
நிமிர்ந்து பார்த்திருக்கலாமே என்றேன்.
சாவது ஓர் இரவு வேலை.
பன்னிரண்டு வருடம் தண்ணீர் சேந்திப் பார்.
உனக்கு எப்போதும் துக்கம்தான் பெரிது என்றான்.
உனக்குச் சத்தம் என்றேன்.
கல்யாணத்துக்கு முன்பே
முதல் சண்டை முடிந்துவிடும்போல இருந்தது.

வேப்பமர நிழலில் ஆட்டோவை நிறுத்தி
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் மெகபூப் பாய்,
பேருந்து நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிவந்தவர்.
நாற்பது ரூபாய் பாக்கிச் சில்லறைக்காகத்தான் காத்திருக்கிறார்
என்று நினைத்திருந்தேன்.
பீடியைக் காலில் நசுக்கிவிட்டுச் சொன்னார்:
"ரெண்டு கதையிலயும் ஊரே நின்னு பாத்திருக்கு.
கையெழுத்துப் போட ஒருத்தன் இல்ல."

பிறகு, ஆதார் அட்டை வேணுமா என்று கேட்டார்.

உள்ளே மின்விசிறி கிரீச்சிட்டது.
பாய் வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினார்,
மெதுவாக, மாதத் தவணைச் சீட்டில் போடுவதுபோல.
நகத்தில் கிரீஸ்.
அடுத்து திம்மராஜ்.
அடுத்து நான்.
பேனாவை வாங்கும்போது
வெளியே ஒரு பைக் வந்து நின்றது.
இன்னொன்று.
திம்மராஜின் மூச்சு ஒலி மாறியது.

மூன்றாம் சாட்சியாக இருக்கலாம்,
பஸ் கிடைக்காமல் தாமதித்து, நண்பனோடு.
அண்ணன்மாராகவும் இருக்கலாம்.

சன்னல் பக்கம் நான் போகவில்லை.
கையெழுத்தை முடித்தேன், கடைசிப் புள்ளிவரை.
பிறகு திரும்பி,
வாசல்வரை கேட்கிற குரலில்
கேட்டேன்:
யாரு?