மூன்றாம் குழுவின் அட்டை

இந்த வருடம் குழுத் தலைவன் நான்.
யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, முறை வந்தது,
சளி பிடிப்பதுபோல.
பதினோரு வீடு, ஒரு தகர அட்டை,
கிளிப் கவ்விய ஒற்றைத் தாள்:
ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு மணி,
வாய்க்கால் தூர் வாருதல்.
வராத வீட்டுக்கு இரண்டாயிரம் யென்.
கீழே, பொடி எழுத்தில்:
கல்லறைச் சரிவில் கரடி, தாயும் குட்டியும்.

படித்தவர் தன் கட்டத்தில் முத்திரை குத்தி
அடுத்த வாசலில் சாய்த்துவிட வேண்டும்.
இசொகாயும் குரொசுவும் பேசிக்கொள்வதில்லை
(ஒரு பேரிமரம், ஒரு வேலி, அது வேறு கதை).
ஆனாலும் அட்டை
மதில்மேல் பூனையாக ஓர் இரவு இருந்துவிட்டு
அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

இந்த முறை இறங்கியது, திரும்பவில்லை.
பெட்ரோல் பங்க் சட்டையோடே வீடு வீடாகப் போனேன்.
'குத்திக் கொடுத்தாயிற்று' என்றார் குரொசு,
கதவை முழுதாகத் திறக்காமல்.
கடைசி வீடு பூட்டியிருந்தது.
காளான் கொட்டகையில் இரவு வேலை.

ஞாயிறு ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே
பத்து வீடும் கரையில் நின்றது.
தாள் எதற்கு?
வாய்க்கால் வெட்டிய காலத்திலிருந்து அதே ஞாயிறு.
வராதது பதினோராவது:
வியட்நாமிலிருந்து வந்த மூன்று பெண்கள்,
தோவா, குயென்,
மூன்றாவது பெயர் என் நாக்கில் இன்னும் உட்காரவில்லை.

'இரண்டாயிரம்' என்றார் தொகொரோ.
'பனி கூரையை உடைத்த வருடமே
நெஸு வீடு அரிசியாகக் கட்டியிருக்கிறது.
குறிப்பேட்டைப் பார்.'

நடுப்பகலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது.
கீழூர்த் தலைவர் ஹிராகுரி.
கையில் சாக்கே பாட்டில், வெள்ளைத் தாளில் சுற்றி.

கீழூரிலிருந்து இங்கே யாரும் பாட்டிலோடு வருவதில்லை.
தாய்ஷோ பதின்மூன்று, ஐம்பத்தொரு நாள் மழையில்லை.
ஓர் இரவு யாரோ மதகை அடைத்துக் கல் ஏற்றினார்கள்.
'யாரோ' என்னும்போது அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள்,
நாங்கள் ஆற்றைப் பார்ப்போம்.
விடிவதற்குள் ஒருவனின் காது போயிருந்தது.
பிறகு இரண்டு ஊரையும் ஒரே நகரமாக்கினார்கள்.
ஒரே தபால் நிலையம், ஒரே தீயணைப்பு வண்டி.
வாய்க்கால் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

ஹிராகுரி தொப்பியைக் கழற்றினார்.
'உங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேர்
இருட்டோடு வந்து
எங்கள் மதகுவரை வாரிவிட்டார்கள்.
சோறு கொடுத்தோம்.
நீங்கள் அனுப்புவீர்கள் என்று
நாங்கள்...'
அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

எந்த வாய்க்கால் நம்முடையது என்று
அந்தப் பெண்களுக்கு யாரும் காட்டவில்லை.
அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.
வாயைத் திறந்தேன்.
'ஆமாம், நாங்கள்தான் அனுப்பினோம்' என்றார் தொகொரோ.
'அடுத்த வருடமும் வருவார்கள்.'
இசொகாய் இருமினார்.
பாட்டில் என் கைக்கு வந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனமாக.

மாலையில் என் வாசலில் அட்டை, சேற்று விரல்தடத்தோடு.
முத்திரை இல்லாததால்தான் தாமதம்.
சர்க்கரைவள்ளிக்கிழங்கை வெட்டிச் செய்திருக்கிறார்கள்.
எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்று தெரியாமல்
நேராகவே செதுக்கியதில்
பெயர் கண்ணாடிக்குள் இருப்பதுபோல விழுந்திருந்தது.
அதன் எதிரே 'வந்தார்கள்' என்று எழுதினேன்.
எங்கே என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பாட்டில் பங்க் அலமாரியில் இருக்கிறது.
வாங்கினால் பாதி மதிப்புக்குத் திருப்பிக் கொடுப்பது வழக்கம்.
நூறு வருடத்துக்குப் பாதி எவ்வளவு என்று
தொகொரோவிடம் கேட்டால் கணக்குச் சொல்வார்.
நான் கேட்கவில்லை.

கரடி பற்றிய வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.
திங்கள் காலை, புதிதாக வாரிப்போட்ட சேற்றில்
பெரிய தடம், பக்கத்திலேயே சின்னத் தடம்.
எங்கள் கரை முடிகிற இடத்தில் நிற்கவில்லை,
கீழூர்வரை போயிருந்தன.