கூம்பு குனியும் வெப்பம்

நேற்றைய சாம்பலில் ஒரு சொட்டுப் பசைநீர் விட்டு
ஆர்லிஸ் வென்ட்ஸ் பிசைகிறாள்.
பித்தளை அச்சில் அழுத்தி எடுத்தால்
சுண்டுவிரல் நக உயரத்தில்
நான்கு கூம்புகள்.

வெளியே வட டக்கோட்டாவின் ஜனவரி,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
லாரி டிரைவர்கள் எஞ்சினை அணைப்பதே இல்லை.
உள்ளே சோதனை உலை ஆயிரத்தைத் தாண்டுகிறது.
பார்வைத் துளைக்கு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு
மற்ற கண்ணால் காப்பிக் கோப்பையைத் தேடுகிறாள்.

முதல் கூம்பின் முனை மழுங்குகிறது.
பிறகு குனிகிறது,
கடைசிப் பேருந்தில் தூங்கிவிட்டவனின் தலை போல.
பிறகு அரைக்கோளம்.
பிறகு, அங்கே கூம்பு இருந்ததற்கே சாட்சியில்லை;
தட்டில் பளபளவென்று ஒரு துளி.

ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதுகிறாள்.
போன வாரச் சாம்பல்
இன்னும் எழுபது டிகிரி நிமிர்ந்து நின்றது.

சோடியம்தான்.
தெற்கு வெட்டில் புது அடுக்கைத் தோண்டுகிறார்கள்.
ஆறு கோடி ஆண்டுக்கு முன் சதுப்பில் சாய்ந்த மரங்கள்
ஊறி இறங்கிய தண்ணீரின் உப்பை
எதற்கென்று தெரியாமலே வாங்கி வைத்துக்கொண்டன.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை
என்று சொல்லும் மொழியில் இதை எழுதுகிறேன்.
அந்த மரங்கள் உள்ளளவும் நினைத்தன,
இல்லாமல் போன பிறகும்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுகிறாள்.
"மெர்ல், வடக்கு நிலக்கரியைக் கலந்து விடு."
"கொட்டியாச்சு, ஆர்லிஸ்.
ராத்திரி முழுக்க ஊரே ஹீட்டர் போடும்.
ஒரு மெகாவாட் குறைக்க முடியாது."

எட்டாம் தளத்தில், தீக்குள்,
சாம்பல் குழாய்களில் வந்து உட்கார்கிறது.
முதலில் வெள்ளைத் தூள், விரல் பட்டால் உதிரும்.
அதன்மேல் பிசுபிசுத்த தோல்.
தோலின்மேல், புகை வரும் திசை பார்த்து, கொம்பு.
கொம்பும் கொம்பும் தொட்டுக்கொண்டால்
குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே பாலம்.
நீராவி ஈட்டிகள் மணிக்கொரு தரம் உள்ளே போய்
ஊதி ஊதித் திரும்புகின்றன.
நீறு பூத்த நெருப்பு கேள்விப்பட்டிருக்கிறோம்.
இது நெருப்புக்குள் கல்லான நீறு.

காலை நாலு மணிக்கு
லாய்ட் ஃபெட்டிக் துப்பாக்கியை எடுத்தான்.
மானுக்கு அல்ல.
தாங்கியில் பூட்டி, கொதிகலன் கதவின் துளையில் குழல் வைத்து,
உள்ளே தொங்கும் ஆரஞ்சு நிறப் பாறையைச் சுட்டான்.
பதினேழு தோட்டாவுக்கு அது அசையவில்லை.
பதினெட்டாவதில்
ஒரு கார் அளவு ஏதோ இறங்கி
அடிச்சரிவில் மோத,
ஆய்வகத்துக் குடுவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் பேசின.
ஒரு குழாய் பிளந்து நீராவி கத்தியது.
யாருக்கும் அடியில்லை.
யூனிட் நின்றது.

ஊர் இருளவில்லை; வேறெங்கிருந்தோ மின்சாரம் வந்தது,
என்ன விலைக்கு என்று மெர்லுக்குத் தெரியும்.
அறிக்கைப் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்துக்கு
அரை வரிதான் இடம்.
மேலாளர் 'கடுங்குளிர்' என்று நிரப்பினார்.
ஆர்லிஸ் தன் தாளை அதன் பின்னால் பின் அடித்தாள்,
ஒன்றும் சொல்லாமல்.

மதியம் கேன்டீனில்
லாய்ட் சூப்பை ருசி பார்த்துவிட்டுக் கை நீட்டினான்.
உப்புக் குப்பி அவள் பக்கம் இருந்தது.
எடுத்தாள். கொடுக்கவில்லை.
"இதுதான்டா அது" என்றாள்.

காதில் இன்னும் பதினெட்டுத் தோட்டா.
"என்ன?" என்றான்,
கையை மடக்காமல்.